உடையும் இடம்

பார்ட்டன் தெருவில், டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே
ஸ்டெஃபானியாவின் பழைய வாத்தியக் கடை.
ஹாமில்டனில் பெப்ரவரி.
உருக்காலைப் புகையும் பனியும் ஒரே சாம்பல்.
"எவ்வளவு பெரிய இடத்தில் வாசிக்கப் போகிறீர்கள்?"
என் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.
தூக்கப் போவது அதுதானே.

நாற்பது பேர் நெருக்கி நிற்கும் நிலவறை என்றேன்.
துவாரகனைப் பற்றியும் சொன்னேன்.
பகலில் பல் வைத்தியரிடம் உதவியாளன்;
நாள் முழுக்க எல்லாவற்றையும் மெல்லத் தொட்டுத் தொட்டு
இரவில் டிரம்ஸை அடிக்கிற அடியில்
தெருவுக்கே பல் கூசும்.

"அப்படியென்றால் ஐம்பது வாட்" என்று அவளே முடிவெடுத்தாள்.
முப்பத்தொரு கிலோ. இரண்டு பேர் இழுத்தோம்.
அரை நிமிடம் பொறுத்து இரண்டாவது சுவிட்சைத் தட்டினாள்.
பின்பக்கத்து இருட்டில் கண்ணாடி டியூபுகள்
தணல் நிறம் பிடித்திருந்தன.
வாசித்தேன். சுத்தம்.
குமிழைத் திருகத் திருக இன்னும் பெரிய சுத்தம்.
சட்டத்தரணி எழுதிய கடிதம்போல்
ஒரு எழுத்துப் பிழை இல்லை.
எனக்கு யாரோ வழக்குப் போட்டதுபோல் இருந்தது.

மூலையில் இன்னொன்று கிடந்தது.
பதினைந்து வாட். முன்வலை கிழிசல்.
மேலே தடித்த மையில், யாருடைய கோபமோ:
உட்காராதே.

குமிழ் நாலு வரைக்கும் சொன்னதைச் சொன்னது.
ஐந்தில் ஓரம் கரகரத்தது.
ஆறில், மெல்லத் தொட்டால் பேச்சு;
ஓங்கி அடித்தால்
அழப் போகிறவர் அதை விழுங்கும்போது
தொண்டையில் வருமே, அது.
சுவருக்கு அப்பால் சலவைக் கடைக்காரர்
மூன்று தரம் தட்டினார்.
கைதட்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

கணக்கு எனக்கும் தெரியும்.
ஐம்பது, பதினைந்தின் மூன்று மடங்குக்கும் மேல்.
காதுக்கு அது ஒன்றரை மடங்குகூட வராது.
மிச்ச வாட்டுக்கெல்லாம் நாம் காசு கொடுப்பது
உடையாமல் இருப்பதற்கு.
உடையாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும்.
பதினொரு வருடமாகக் காப்புறுதி அலுவலகத்தில்
தொலைபேசியில் அதைத்தான் செய்கிறேன்.

"மேடையில் மூழ்கிப் போவீர்கள்" என்றாள் ஸ்டெஃபானியா.
ஆனாலும் நேர்மையான பெண்:
பென்சிலால் ஒவ்வொரு டியூபாகத் தட்டிப் பார்த்தாள்.
மூன்றாவது, ஸ்பீக்கருக்குள் டிங் என்றது.
காசு கேட்காமல் மாற்றினாள்.
உபரியாக ஒரு ஃபியூஸை ரசீதில் சுற்றித் தந்தாள்.

இரண்டாம் நம்பர் பஸ்.
"மைக்ரோவேவா?" என்றார் ஓட்டுநர்.
இல்லை என்று விளக்குவதற்குள் என் தரிப்பிடம் வந்துவிட்டது.

சனிக்கிழமை.
பியர்ப் பெட்டி ஒன்றின் மேல் ஏற்றி வைத்தேன்.
முதல் பாட்டில், அவள் சொன்னபடியே, மூழ்கினேன்.
துவாரகனின் சிம்பலுக்கு அடியில் எங்கோ நான்.
எட்டுக்குத் திருகினேன். மேலே வந்தேன்.
வந்தேன்தான்,
ஆனால் இரண்டாவது பாட்டின் நடுவே
தனியாக, துளித் துளியாக விழவேண்டிய இடம்
ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் பழகிய இடம்.
அது அங்கே இல்லை.
துளிக்குப் பதில் மணல்.
பேஸ் வாசிக்கும் மெலனி திரும்பிப் பார்த்தாள்.
நான் திருகவில்லை.
அந்த மணலை அப்படியே
மெல்ல மெல்லக் கொட்டிக்கொண்டே போனேன்.
துவாரகன், முதல் தடவையாக,
குச்சிகளைத் தொடைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"அந்த இடத்தில் பிழை விட்டாயா?"
வானில் சாமான் ஏற்றும்போது கேட்டான்.
ஓம் என்றேன்.
"அடுத்த முறையும் விடு."

மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. பதினெட்டு கிலோ.
ஐம்பது வாட்டாக இருந்தால்
இரண்டாம் மாடிப் படியிலேயே அதோடு படுத்திருப்பேன்.
கதவுக்கு உள்ளே இறக்கி வைத்தேன்.
விளக்குப் போடவில்லை.
பூட்ஸ் கயிறு உறைந்து இறுகியிருந்தது,
அவிழ்க்க ஒரு இடம் வேண்டும்.

உட்கார்ந்தேன்.